சம்மந்தகாரர் முட்டி

உக்காருங்க அண்ணாச்சி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பகவதி, ரெண்டு காப்பி கொண்டா. எனக்கு சீனி போடாத.

ஆமா, தென்காசி ஆவுடைநாயகம் எங்க சம்மந்தகாரர்தான். அவர் மூத்த பொண்ணு கோமதியத்தான் எம் பையன் செந்தூரனுக்குக் கட்டியிருக்கு. இப்போ ரெண்டாவது பொண்ணு சங்கரிய நீங்க உங்க பையனுக்குப் பாத்திருக்கீய. ஜாதகம் பொருந்திட்டு, பொண்ணையும் பிடிச்சுட்டு. மனுசன் எப்படின்னு ஏற்கெனவே சம்மந்தம் பண்ணவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மேக்கொண்டு பேசலாம்னு கோவில்பட்டியிலேருந்து பஸ் ஏறி வந்திருக்கீய. நல்ல பழக்கம். விசாரிக்காமப் பண்ணப்படாது. நானும்தான் விசாரிச்சேன், ஒரு பயலும் எனக்கு ஒழுங்காச் சொல்லல.

நான் டெபுடி தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவன். சர்வீஸ்ல எத்தனையோ விசாரணை பண்ணியிருக்கேன். சிவதாணு ஒருபக்கமா எழுதினான்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். அதனால அவரப் பத்தி நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். நடந்ததச் சொல்லுதேன், முடிவு நீங்க எடுத்துக்கிடுங்க. நான் அவர்கூட ஒரு எரிமலை ஏறியிருக்கேன்.

எரிமலைதான். காதுல சரியாத்தான் விழுந்திருக்கு. ஆனா மேல பூராம் பனி. எரிமலைன்னா எரியணும்லா? அங்க எரியல. வெள்ளை வேட்டிய விரிச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு. உச்சியில மட்டும் லேசாப் புகை.

பையனும் மருமகளும் அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்காங்க. போன வருசம் ரெண்டு வீட்டு ஆளுகளையும் ஒரே சமயத்துல வரச்சொல்லிட்டான். அங்கதான் முதத் தப்பு. மாப்பிள்ளை வீட்டாரையும் பொண்ணு வீட்டாரையும் ஒரே வீட்டுல, ஒரே பாத்ரூம்ல வச்சா என்ன ஆகும்? "நீங்க குளிங்க சம்மந்தி." "இல்லல்ல, நீங்க குளிங்க." இப்படியே மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். கடைசியில நாந்தான் முதல்ல குளிப்பேன். அதுல அவரக் குறை சொல்ல முடியாது. முறை தெரிஞ்சவரு.

அந்த ஊர்ல ஒரு கம்பெனி இருக்கு. ரூவா வாங்கிக்கிட்டு ஆளுகள மலைக்குக் கூட்டிட்டுப் போவான். கூடாரம், கயிறு, சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு. செந்தூரனும் கோமதியும் இந்த மலைக்குப் போறதா இருந்தாங்க. அன்னைக்குச் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது சம்மந்தகாரர் மெதுவா, "மாப்ள, நானும் வரலாமா?"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஆனா அவர் விளையாட்டுக்குக் கேக்கல. அவர் பூகோள வாத்தியார், தெரியும்லா? சர்வீஸ் பூராம் வருசா வருசம் எரிமலைப் பாடம் நடத்தியிருக்காரு. போர்டுல மலைய வரைஞ்சு, உள்ள சிவப்பு சாக்பீஸ்ல நெருப்புக் குழம்பத் தீட்டி, மேல ஒரு வாய் வைப்பாராம். ஒரு நாள் ஒரு பய எந்திரிச்சு, "சார், நீங்க பாத்திருக்கீயளா?"ன்னு கேட்டிருக்கான். இவர் இல்லேன்னு சொன்னாராம். "அப்பறம் எப்படி சார் வரையுதீய?"ன்னானாம். அது இவர் மனசுலயே தங்கிட்டு. எங்கிட்டச் சொன்னாரு, "சம்மந்தி, அந்த வாயில ஒருக்க எட்டிப் பாக்கணும். உள்ள எப்படியிருக்குன்னு பாத்துட்டா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்"னு. எனக்கு விளங்கல. குழிக்குள்ள பாக்க என்ன இருக்கு? குழிதான் இருக்கும்.

கோமதி சொல்லுதா, "அப்பா ஒரு வருசமா இதுக்குத்தான் தயார் பண்ணுதாங்க மாமா." பண்பொழி திருமலைக்கோவில் படிய தெனமும் ஏறி இறங்கியிருக்காரு மனுசன். நான் முருக பக்தின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

எம் பையன் எங்கிட்ட, "அப்பா, நீங்க அம்மாகூட அடிவாரத்து லாட்ஜுல இருங்க. ரெண்டு அம்மாக்களும் அங்கதான் இருக்கப் போறாங்க"ங்கான். கேட்டீயளா அநியாயத்த? பொண்ணுக்குத் தகப்பன் மலை ஏறுதான், மாப்பிள்ளைக்குத் தகப்பன் பொம்பளைகளோட லாட்ஜுல உக்காந்து கடலை கொறிக்கணுமாம். நாளைக்கு ஒரு விசேச வீட்டுல இந்தப் பேச்சு வந்தா நான் எங்க மூஞ்சிய வச்சுக்கிடுவேன்? நானும் வாரேன்னுட்டேன். எனக்கு மலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

காப்பி எடுத்துக்கிடுங்க. பகவதி, நீ ஏன் நிக்க? உள்ள போ. எம் வீட்டுக்காரிதான், ஒண்ணும் சொல்ல வரல, நீங்க குடிங்க.

முத நாள் பயிற்சி. பூட்ஸுக்கு அடியில இரும்புப் பல்லு மாட்டி விடுவாங்க. கையில ஒரு கோடாலி. வழுக்கி விழுந்தா அதப் பனியில குத்திக்கிட்டுத் தொங்கணுமாம். எங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு ஹீதர்னு ஒரு பொண்ணு. ஆளு ஒல்லி, ஆனா ஆம்பள மாதிரி மூட்டை தூக்குதா. எல்லாரையும் ஒரே கயித்துல வரிசையாக் கட்டிருவா. ஒருத்தன் விழுந்தா மத்தவன் பிடிக்கணும், ஒருத்தன் நின்னா எல்லாரும் நிக்கணும். அதான் சட்டம்.

அந்த வரிசையில அவளுக்கு அடுத்த இடம் முக்கியமான இடம். அங்க முதல்ல முழங்கால்ல பட்டை கட்டுன ஒரு வெள்ளைக்கார அம்மாவ நிப்பாட்டியிருந்தா. மூச்சு விடவே சிரமப்பட்ட அம்மா. மத்தியானத்துக்கு மேல முடியலேன்னு திரும்பிப் போயிட்டாவ. உடனே ஹீதர் எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தா. பாத்துட்டு நேரா என்னையக் கூப்பிட்டு அந்த இடத்துல போட்டுட்டா. காலியான போஸ்ட்டுக்கு யாரைப் போடணும்னு ஒரு பார்வையிலயே தெரிஞ்சுட்டு அவளுக்கு. நாங்கேட்டு வாங்கல. எனக்குப் பின்னால சம்மந்தகாரர். செந்தூரனும் கோமதியும் வேற கயிறு, அவங்களுக்கு ஒரு பையன் வழிகாட்டி. அவங்க எங்களுக்கு முன்னால போனாங்க.

மறுநாள் விடியக்காலம் கிளம்பினோம். கிளம்புமுன்ன ஓட்ஸ் கஞ்சி குடுத்தாங்க. அண்ணாச்சி, எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கஞ்சிதான். இத நான் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.

ஏற ஏற எனக்கு மூச்சு கொஞ்சம் வாங்குச்சு. மேல காத்து கம்மி, வாங்கத்தான் செய்யும். அப்பப்போ நின்னு காட்சி பாப்பேன். காட்சின்னா என்ன, வெள்ளைதான். ரெண்டு மூணு தடவ உக்காந்தும் பாத்தேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் உக்காரலாமான்னு நினைக்கும்போதெல்லாம் பின்னாலேருந்து சம்மந்தகாரர், "சம்மந்தி, செத்த நிப்போமா? எனக்கு மூச்சு வாங்குது"ம்பாரு. ஒவ்வொரு தடவையும் கரெக்டா எனக்குத் தோணுற நேரத்துல அவருக்கு வாங்கும். நானும், "சரி, உங்களுக்காக நிக்கேன்"னு நிப்பேன். திரும்பிப் பாத்தா மனுசன் மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு மேகத்தப் பாத்துக்கிட்டிருப்பாரு. வாத்தியார்லா, வாயத் தொறக்காம மூச்சு வாங்கப் படிச்சிருக்காரு போல.

இடது கை மரத்துப்போச்சு. குளிரு. நெஞ்சுல கொஞ்சம் வாயு. அப்பறம் ரெண்டு தடவ வாந்தி. முழுக்க ஓட்ஸ். வேற ஒண்ணுமில்ல, மத்தபடி கல்லுமாதிரி இருந்தேன்.

உச்சி கிட்டத்துல வந்துட்டு. அங்ஙன அழுகுன முட்டை வாடை வரும், பாத்துக்கிடுங்க. நான் மூக்கப் பொத்திக்கிட்டேன். சம்மந்தகாரர் என்னடான்னா, "கந்தகம் சம்மந்தி! கந்தகம்! வாய் இங்கதான் இருக்கு!"ன்னு பின்னாலேருந்து கத்துதாரு. இருட்டுக்கடை வாசல்ல அல்வாவுக்கு நிக்கிறவன் மாதிரி மூக்க உறிஞ்சி உறிஞ்சி மோந்து பாக்காரு. அவ்வளவு சத்தமா அவர் பேசி நான் கேட்டதேயில்ல. கல்யாணத்தன்னைக்குக்கூட அவர் குரல் வெளிய வரல.

இப்போ கவனமாக் கேளுங்க, இதுதான் விசயம்.

நான் பனியில உக்காந்திருந்தேன். காட்சி பாக்கத்தான். ஹீதர் வந்து எம் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு என்னமோ கேட்டா. நான் ஓகேன்னேன். எம் பேரு கேட்டா போல, அதுக்கும் ஓகேன்னேன். கையுறையக் கழட்டி நகத்தப் பாத்தா. அப்பறம் எந்திரிச்சுப் போய் சம்மந்தகாரர்கிட்டப் பேசினா. அவர் இங்கிலீஷ் மெதுவாப் பேசுவாரு, ஆனா நல்லாப் பேசுவாரு. அவ என்னையக் காட்டி, கீழ காட்டினா. பிறகு அவரக் காட்டி, மேல நிக்கிற எம் பையன் கயித்தக் காட்டினா. அவங்களையும் கைதட்டி நிக்கச் சொன்னா. இவர் இடுப்புல இருந்த கொக்கியக் கழட்டி, அந்தக் கயித்துல மாட்டிவிடத் தயாரா கையில பிடிச்சுக்கிட்டு நின்னா.

அண்ணாச்சி, வெள்ளைக்காரி கெஞ்சுதா. "வாங்க, உங்கள மேல கொண்டு போக நாங்க பொறுப்பு"ங்கா. மேலேருந்து கோமதி, "அப்பா, வாங்கப்பா! இந்தா இருக்குப்பா!"ன்னு அழாக்குறையாக் கூப்பிடுதா. அந்தப் புகை இங்ஙனருந்து எங்க தெருமுனை தூரம்கூட இல்ல.

சம்மந்தகாரர் அந்தப் புகையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. தலைய ஆட்டி மாட்டேன்னுட்டு, பொத்துனு பனியில உக்காந்து, இடது முட்டியப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ"ன்னாரு. "என்னால முடியல சம்மந்தி. முட்டி விட்டுப்போச்சு. தனியா இறங்கப் பயமா இருக்கு. நீங்க துணைக்கு வந்தா பெரிய உபகாரமா இருக்கும்."

நான் என்ன செய்யணும்? மேல போயிருக்கலாம். என்னைய யாரு தடுத்தா? ஆனா ஒரு மனுசன் வாய்விட்டுக் கேக்காரு. மாப்பிள்ளை வீட்டுக்காரன்கிற கெத்தெல்லாம் அங்க பாக்கல நான். "கவலப்படாதீங்க சம்மந்தி, நான் இருக்கேன்"னு எந்திரிச்சேன். எந்திரிக்கும்போது அவர்தான் கையப் பிடிச்சுத் தூக்கினாரு. பொண்ணு வீட்டுக்காரருக்காக உச்சிய விட்டுட்டு இறங்குன சம்மந்தி இந்த ஜில்லாவுல வேற எவனாவது இருக்கானா? நீங்களே சொல்லுங்க.

இறங்கும்போது பனியில உக்காந்தே சறுக்கணும். டெபுடி தாசில்தார் பதவியில இருந்தவன் குண்டியத் தேய்ச்சுக்கிட்டு இறங்குனேன். எனக்கு முன்னால ஹீதர், பின்னால கயித்த இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சம்மந்தகாரர். சறுக்க முடியாத எடத்துல நடந்தோம். அங்கதான் நான் கையும் களவுமாப் பிடிச்சேன். அவர் முதுகுல அவர் பை. நெஞ்சுல யார் பை? எம் பை! முட்டி விட்டுப்போனவன் ரெண்டு பை தூக்குவானா? கல்லுல குதிச்சுக் குதிச்சு முன்னால வந்து எனக்குக் கை குடுக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. மனசுல குறிச்சுக்கிட்டேன். விசாரணைன்னா அப்படித்தான், உடனே கேக்கப்படாது.

லாட்ஜுக்கு வந்ததும் என்னையப் பாத்து பகவதி ஒரு சத்தம் போட்டா பாருங்க, ஊரே கூடிட்டு. உதடு நீலமா இருந்துச்சாம். குளிர்ல நீலமாத்தான் இருக்கும், சிவப்பாவா இருக்கும்?

சாயங்காலம் பிள்ளைக இறங்கி வந்தாங்க. கோமதி செல்போன்ல வீடியோ எடுத்துட்டு வந்திருந்தா. நேரா அவ அப்பாகிட்டப் போய்க் குடுத்தா. அவர் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு பாத்தாரு. ரெண்டு விரல வச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. "சிவப்பே இல்லியேம்மா"ன்னாரு. பெறகு, "எல்லாம் வெள்ளைப் புகை. நான் தப்பாத் தீட்டியிருக்கேன்"னு சிரிச்சாரு. கோமதி சிரிக்கல. போன எங்கிட்ட நீட்டி, "நீங்க பாருங்க சம்மந்தி, அருமையா இருக்கு"ன்னாரு. எனக்கு அப்போ பாக்கத் தோணல. பாதியில விட்டுட்டு வந்த ஆளுக்கு வீடியோவுல என்ன அருமை?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உக்காந்தோம். சம்மந்தகாரர் முட்டிய நீவிக்கிட்டிருந்தாரு. பாத்தேன். வலது முட்டி! மேல உக்காந்து "ஐயோ"ன்னு பிடிச்சது இடது. நான் கையக் கழுவிட்டு வந்து, எல்லார் முன்னாலயும் நிதானமாக் கேட்டேன். "ஏன் சம்மந்தி, எந்த முட்டி?"

அவர் ரெண்டு முட்டியையும் பாத்தாரு. "ரெண்டும்தான் சம்மந்தி"ன்னாரு.

நான் விடல. "அது எப்படி ரெண்டு பையையும் தூக்கிட்டு இறங்குன முட்டி? உம்மால எனக்கு உச்சி போச்சு வே. போகப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லணும். பொய் வலி எதுக்கு?"ன்னேன். கோவத்துல வே போட்டுட்டேன், அது தப்புதான், சம்மந்தகாரர வே போடப்படாது. மத்தபடி கேட்ட கேள்வியில என்ன தப்பு? அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க சம்மந்தி, பயந்துட்டேன். உண்மையிலயே பயந்துட்டேன்"னாரு. கேட்டீயளா? அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டாரு. பயந்துட்டாராம்.

கோமதி தட்ட அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பின்னாலேயே செந்தூரன் போனான். அப்பறம் திரும்பி எங்கிட்ட வந்து, "ஏம்ப்பா இப்படி இருக்கீங்க?"ன்னான். எப்படி இருக்கேன்? உள்ளதக் கேட்டேன். அன்னையிலேருந்து மருமக போன்ல, "நல்லாயிருக்கீங்களா மாமா, இந்தா அவங்ககிட்டக் குடுக்கேன்"னு சொல்றதோட சரி. ஒரு வருசமாச்சு. முன்னால எங்கிட்ட மணிக்கணக்காப் பேசுவா அந்தப் பிள்ளை. ரசத்துக்கு என்ன போடணும்னு பகவதிகிட்டக் கேக்காம எங்கிட்டக் கேப்பா. எனக்கு அது ஒண்ணுதான் சங்கடம். உள்ளதச் சொல்லணும்லா.

ஊருக்கு வந்ததும் எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வயசானா யாருக்கும் வைக்கிறதுதான். டாக்டர், "மேல போயிருந்தீங்களா? எவ்வளவு உயரம்?"னு கேட்டாரு. சொன்னேன். "இன்னுங் கொஞ்சம் ஏறியிருந்தா?"ன்னாரு. ஏறவிடலியே டாக்டர், சம்மந்தகாரருக்கு முட்டின்னு சொன்னேன். அவர் பேனாவக் கீழ வச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்தப்போ சம்மந்தகாரர் தெனமும் தென்காசியிலேருந்து பஸ்ல வந்தாரு. வந்து ஓரமா உக்காருவாரு. பேச்சுவார்த்தை கிடையாது எங்களுக்குள்ள. ஆரஞ்சுப் பழத்த உரிச்சு வச்சுட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போவாரு. லிஃப்ட்டு ரிப்பேர், நாலாவது மாடி. படியேறித்தான் வந்தாரு. அப்போ முட்டி எங்க போச்சு? சொல்லுங்க.

ஆகக்கூடி இதுதான் மனுசன். கூப்பிடு தூரத்துல உச்சிய வச்சுக்கிட்டுப் பின்வாங்கிருவாரு. வலின்னு பொய் சொல்லுவாரு. கேட்டா பயந்துட்டேன்னு வெக்கமில்லாம ஒத்துக்கிடுவாரு. மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாலும் அப்படித்தான் நிப்பாரு. பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான் என் சாட்சி.

என்ன பகவதி? நாந்தான் உள்ள போகச் சொன்னேன்லா? என்ன, இவர்கிட்ட ஒண்ணு சொல்லணுமா? சொல்லித் தொலை.

பாத்தீயளா பேச்ச? "எங்க வீட்டுக்காரர் இந்தா உக்காந்து உங்ககூடப் பேசிக்கிட்டிருக்காருல்லா, இதுக்கு மேல என்ன விசாரிக்கணும்"ங்கா. நான் உக்காந்திருக்கிறதுக்கும் நீங்க கேட்டதுக்கும் என்ன சம்பந்தம்? உள்ள போம்மா. ஏன் கண்ணத் தொடைக்க?

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சுட்டீய? காப்பி பாதியில இருக்கு. என்னது, நேரா தென்காசிக்கா? தட்டு மாத்துற தேதி பேசவா? இவ்வளவு சொல்லியுமா? நான் சொன்னது முழுசும் கேட்டீயளா, இல்ல தூங்கிட்டீயளா?

சரி. சரி, உங்க இஷ்டம். நான் வேண்டாம்னு சொல்லலியே. பொண்ணு நல்ல பொண்ணு. புது பஸ்ஸ்டாண்டுல ஆலங்குளம் வழியாப் போற வண்டியில ஏறுங்க. அவர் வீடு மாடி. கீழ நின்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி இறங்கி வருவாரு, பாருங்க.

செத்த நில்லுங்க. பகவதி, அந்த ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ வாங்கியிருந்தோம்லா, பையில போட்டு இவர்கிட்டக் குடு. சும்மா, வெறுங்கையோடவா போகணும். நான் குடுத்தேன்னு சொல்லவேண்டாம்.

அண்ணாச்சி, இன்னொண்ணு. அவர்கிட்ட என்ன வேணும்னாலும் பேசுங்க. எந்த முட்டின்னு மட்டும் கேட்டுறாதீங்க. நான் ஒருக்க கேட்டாச்சு. போதும்.